அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டியில் வீடு கட்ட பெர்மிட் கேட்டால், ஏன் முதலில் செப்டிக் பற்றிக் கேட்கிறார்கள்?

பில்டிங் பெர்மிட் என்பது, கட்டப்போகும் வீடு பாதுகாப்பு விதிகளுக்குள் இருக்கிறதா என்று வரைபடத்தைப் பார்த்து, வேலை தொடங்கும் முன்பே தரும் அனுமதி. நகர எல்லைக்கு வெளியே உள்ள நிலத்துக்குப் பெரும்பாலும் கவுண்டிதான் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) இதைத் தருகிறது.

கிராமப்புறத்தில் பெரும்பாலும் பொதுச் சாக்கடை இருக்காது. கழிவுநீர் செப்டிக் தொட்டி வழியாக உங்கள் மண்ணுக்குள்ளேயே இறங்க வேண்டும். குடிநீரும் பெரும்பாலும் அதே நிலத்துக் கிணற்றிலிருந்துதான். அதனால் பல கவுண்டிகள் செப்டிக் அனுமதி இல்லாமல் வீட்டுக்கு பெர்மிட் தருவதில்லை. மண்ணைச் சோதிக்க, குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளப்பார்கள். இதுதான் பெர்க் டெஸ்ட். பூந்தொட்டியில் களிமண்ணை நிரப்பினால் தண்ணீர் மேலேயே தேங்கும், வெறும் மணல் என்றால் அடியில் கொட்டிவிடும். இங்கேயும் இரண்டுமே ஆகாது. தயவுசெய்து நிலம் வாங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். மண் தேறாவிட்டால் வீடே கட்ட முடியாமல் போகலாம்.

அப்புறம் எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, சாலை இணைப்பு எல்லாம் காட்டும் மனை வரைபடமும் கேட்பார்கள்.

‘பண்ணைக் கட்டடத்துக்கு பெர்மிட் வேண்டாம்’ என்று பலர் நம்புகிறார்கள். பல மாநிலங்களில் அந்த விலக்கு வைக்கோலுக்கும் டிராக்டருக்கும்தான், உள்ளே ஆள் குடியேறினால் பெர்மிட் வேண்டும்.