எம்.பி. பேசியதை எப்படி எடைபோடுவது?

கேள்வி: எங்கள் எம்.பி. நூற்றுக்கும் மேற்பட்ட விவாதங்களில் பங்கேற்றதாகத் துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். இதை நம்பலாமா?

பதில்: எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். அதில் எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மசோதா மீது விரிவாகப் பேசியதும், அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் ஓரிரு நிமிடம் ரயில் நிறுத்தம் கேட்டதும் 'விவாதம்' என்றே கணக்கில் ஏறுவதுண்டு. மக்களவை விதி 377-இன் கீழ் எழுப்பும் பிரச்சினை 250 சொற்களுக்கு மேல் போகக்கூடாது. பல நாள் அதை வாசிக்காமல் தாக்கல் மட்டும் செய்வார்கள். ஆகவே முதலில் வகை பிரியுங்கள்.

பிறகு நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைக் கொடுத்து, அவைக்குறிப்பையே படியுங்கள். தமிழில் பேசியிருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு என்ற அடிக்குறிப்போடு இருக்கும். நட்சத்திரக் குறிகள் தென்பட்டால் அடிக்குறிப்பைப் பாருங்கள்: அவைத்தலைவர் நீக்கிய சொற்களாக இருக்கலாம், பேசாமல் எழுத்தில் கொடுத்த உரையாகவும் இருக்கலாம். பேச்சு நேரம் கட்சியின் பலத்தைப் பொறுத்தது என்பதால், சிறு கட்சி உறுப்பினரின் மூன்று நிமிடத்தைப் பெரிய கட்சிக்காரரின் அரை மணியோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

கேள்வி நேரத்தில் அதிர்ஷ்டமும் உண்டு. மக்களவையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை, 20; குலுக்கலில் முன்வரிசையில் வந்தால்தான் அமைச்சரை எழுப்பித் துணைக் கேள்வி கேட்க முடியும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடியாது. எஞ்சியவற்றுக்கு எழுத்தில்தான் பதில். நட்சத்திரமில்லாத கேள்விகள் 230 வரை. அவற்றுக்கு எப்போதும் எழுத்துப் பதில் மட்டுமே.

கேட்டதைவிட, கிடைத்த பதிலைப் படிப்பதே முக்கியம். 'தகவல் திரட்டப்படுகிறது' என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அரசு உறுதிமொழிகள் குழு அதைக் கண்காணிக்கும். உங்கள் எம்.பி. அதே விஷயத்தை அடுத்த கூட்டத்தொடரிலும் விடாமல் பிடித்தாரா என்று தேடுங்கள். நான் பெரிதாக மதிப்பது அதைத்தான்.

கேள்வி: அமைச்சரான எம்.பி.யின் கணக்கில் ஒரு கேள்விகூட இல்லையே?

பதில்: அமைச்சர் பதில் சொல்பவர்; கேள்வி கேட்பதில்லை. வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்திடுவதில்லை.

கேள்வி: அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதா சட்டமாகாது என்றால் எதற்குக் கொண்டுவருகிறார்கள்?

பதில்: இதுவரை 14 மட்டுமே சட்டமாயின, கடைசியாக 1970-இல். ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காக தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை ஏற்றது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2019-இல் அரசே தன் மசோதாவைச் சட்டமாக்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்த உரிமைகள் உள்ளே வந்தன, எவை விடுபட்டன என்று தெரியும்.