அத்தையின் மீசையும் அகாகியின் மேல்தளமும்

கேள்வி: 1922 வாஷிங்டன் ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் தங்கள் போர்க்கப்பல்களைத் தாங்களே உடைத்துக்கொண்டன. அப்படியொரு ஒப்பந்தமே நடக்காத வரலாற்றைக் கற்பனை செய்து பாருங்கள். எல்லோரும் ஆயுதம் குவித்திருந்தால், பயத்திலேயே பசிபிக்கில் போர் வராமல் போயிருக்கும் அல்லவா? (திருகோணமலை வாசகர்)

பதில்: அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் இந்த அத்தைக்கு மீசை அரும்பவே தொடங்கியிருந்தது. சவரம் செய்துவிட்ட இடம்தான் வாஷிங்டன். எனவே வளரவிட்டே பார்ப்போம்.

1921. முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியின் கடற்படை, ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ கடற்பகுதியில் மூழ்கிக் கிடக்கிறது. வென்றவர்கள் இப்போது ஒருவரையொருவர் பார்த்துக் கப்பல் கட்டுகிறார்கள். அமெரிக்காவிடம் 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினாறு பெருங்கப்பல்களுக்குத் திட்டம். பிரிட்டன் போர்க்கடனில் கழுத்துவரை நின்றுகொண்டே புதிதாக நான்குக்கு ஆர்டர் கொடுக்கிறது. ஜப்பானுக்கு 'எட்டு-எட்டு' என்றொரு கனவு: எட்டுப் போர்க்கப்பல், எட்டுப் போர்க்குரூசர் (வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்த பெருங்கப்பல்), எதற்கும் வயது எட்டைத் தாண்டக்கூடாது. அதாவது கட்டி முடித்த கையோடு அடுத்ததைக் கட்ட ஆரம்பிக்க வேண்டும். அந்த ஆண்டு ஜப்பானிய அரசின் மொத்தச் செலவில் கடற்படை மட்டும் தின்றது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். இங்கே வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தது, விரலைத்தான் தேட வேண்டியிருந்தது.

இதை முதலில் ஒப்புக்கொண்டவர் சமாதானப் பிரியர் யாருமல்ல, ஜப்பானின் கடற்படை அமைச்சர் அட்மிரல் கடோ டொமொசாபுரோ. எட்டு-எட்டுத் திட்டத்தை வளர்த்த கையே அவருடையதுதான். வாஷிங்டனிலிருந்து அவர் டோக்கியோவுக்கு எழுதி அனுப்பிய வாதத்தின் சாரம் இது: பணமில்லாமல் போர் செய்ய முடியாது, நமக்குக் கடன் தரக்கூடிய ஒரே நாடு அமெரிக்கா, அமெரிக்காவோடு சண்டை போட அமெரிக்காவிடமே கடன் கேட்பது எப்படி? மளிகைக் கடைக்காரரிடம் பாக்கி வைத்திருக்கும் குடும்பத் தலைவருக்கு இந்த ஞானம் தானாக வரும். சீருடை போட்டவர்களுக்கு அபூர்வம்.

1921 நவம்பர் 12 அன்று மாநாட்டைத் தொடங்கிவைத்த அமெரிக்க வெளியுறவுச் செயலர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ், வரவேற்புரை முடித்து உட்காருவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ எந்தெந்தக் கப்பலை உடைக்க வேண்டும் என்று பெயர் சொல்லி வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அமெரிக்கா மட்டும் 30 கப்பல், சுமார் 8.45 லட்சம் டன். முடிவில் பெருங்கப்பல்களின் மொத்த டன்னுக்கு வந்த விகிதம் 5:5:3. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஐந்தைந்து, ஜப்பானுக்கு மூன்று. ஜப்பானியக் குழுவிலிருந்த இன்னொரு கடோ, கடோ கன்ஜி (உறவில்லை, குடும்பப் பெயர் மட்டும் ஒன்று), அமெரிக்க பலத்தில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவமானம் என்று கொதித்தார். இதற்கிடையில் ஜப்பானின் ரகசியத் தந்திகளை அமெரிக்கர்கள் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அறுபதுக்கு டோக்கியோ இறங்கிவரும் என்பது ஹியூஸுக்கு முன்கூட்டியே தெரியும். எதிராளி கையிலிருக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டு ரம்மி ஆடினால் நிதானமாகத்தான் ஆடலாம்.

உங்களைப் போலவே கன்ஜியும் அறுபதை ஒரு கைவிலங்காகப் பார்த்தார். டொமொசாபுரோவுக்கு அது அமெரிக்காவின் காலில் மாட்டிய விலங்காகத் தெரிந்தது. போட்டியை அவிழ்த்துவிட்டால் பத்துக்கு ஆறு கிடைக்காது, மூன்றுகூடத் தேறாது. போதாததற்கு, ஒப்பந்தத்தின் 19ஆவது ஷரத்துப்படி பிலிப்பைன்ஸிலும் குவாமிலும் அமெரிக்கா புதிதாக அரண் கட்டக்கூடாது. ஹவாய்க்கு மேற்கே அமெரிக்கக் கடற்படைக்கு ஒழுங்கான தளமே இல்லாமல் போனது. ஜப்பான் காசு கொடுத்தும் வாங்க முடியாத பாதுகாப்பு இது, கையெழுத்துக்குக் கிடைத்தது.

இப்போது உங்கள் வரலாற்றுக்கு வருவோம். ஒப்பந்தம் இல்லை, எல்லோரும் கட்டுகிறார்கள். நல்லது. ஆனால் நிலநடுக்கம் எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்பட்டதல்லவே. 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவும் யோகோஹாமாவும் தரைமட்டமாகி எரிகின்றன, இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். யோகோசுகா கடற்படைத் தளத்தில் அரைகுறையாகக் கிடந்த 'அமாகி' என்ற கப்பலின் உடல் பயன்படாதபடி சிதைகிறது. உண்மையான வரலாற்றில், கப்பல் செலவு குறைந்திருந்த நிலையிலும், ஜப்பான் 1924இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் கடன் வாங்கித்தான் நகரங்களைக் கட்டியது. உங்கள் வரலாற்றில் பட்டறைகள் நிறையக் கப்பல்கள் அரைகுறையாக நிற்க, நகரங்கள் சாம்பலாகக் கிடக்க, அதே நியூயார்க் வங்கியாளர் முன்னால் ஜப்பானிய நிதியமைச்சர் போய் உட்கார வேண்டும். என்ன வட்டி கேட்டிருப்பார் என்று ஊகியுங்கள்.

அடுத்தது, "பயத்திலேயே போர் வராது" என்கிறீர்களே, அது. இதற்குக் கற்பனையே தேவையில்லை, நடந்தே பார்த்துவிட்டார்கள். 1936 இறுதியில் ஒப்பந்தங்கள் காலாவதியாயின. ஜப்பான் யமாட்டோ, முசாஷி என்ற இரண்டு ராட்சதப் போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்கியது. நாகசாகிப் பட்டறையில் முசாஷியை யாரும் பார்த்துவிடாதபடி கயிற்றுப் பாய்களால் திரை கட்டினார்கள். பயமுறுத்தக் கட்டிய கப்பலை ஏன் ஒளித்துவைத்தார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவோ 1940 ஜூலையில் ஒரே சட்டத்தில் 13 லட்சம் டன்னுக்கு மேல் புதுக் கப்பல்களுக்கு அனுமதி கொடுத்தது. பசிபிக் அதுவரை காணாத ஆயுதக் குவிப்பு. பதினேழே மாதத்தில் ஹவாயிலுள்ள அமெரிக்கத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது.

ஏனென்றால் சட்டம் ஒரே நாளில் கையெழுத்தாகும், கப்பலுக்கு மூன்று வருடம் பிடிக்கும். அந்த இடைவெளியை டோக்கியோவின் கடற்படைத் தலைமை விரல்விட்டு எண்ணியது: இன்று ஓரளவு சமம், 1943இல் தராசு சாயும், 1944இல் கிட்டக்கூட நிற்க முடியாது. எனவே இப்போதே அடி. குவிப்பு அவர்களைப் பயமுறுத்தியது உண்மை. பயந்தவன் ஓடுவான் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள், அவர்கள் முந்திக்கொண்டார்கள். 1941 கோடையில் அமெரிக்கா எண்ணெயையும் நிறுத்திவிட்டது. ஜப்பானுக்கு வந்த எண்ணெயில் பெரும்பங்கு அங்கிருந்துதான். தொட்டியில் எண்ணெய் குறைந்துகொண்டே போகும்போது பொறுமையும் குறைந்துகொண்டே போகும்.

யமாட்டோ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். துறைமுகத்திலேயே அதிகநாள் கிடந்ததால் மாலுமிகள் அதை 'யமாட்டோ ஓட்டல்' என்று கிண்டல் செய்தார்கள். 1945 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தன. சுமார் 3,000 பேர் மாண்டார்கள். இன்னொரு கப்பலை அதன் 46 செ.மீ. பீரங்கிகளால் பயமுறுத்த வாய்ப்பு கிடைத்தது மிகக் குறைவு.

ஒப்பந்தத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதில் ஓட்டைகள் உண்டு. குரூசர்களின் (போர்க்கப்பலைவிடச் சிறிய, வேகமான கப்பல்கள்) எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்காமல் விட்டார்கள், உடனே அந்தப் பக்கம் போட்டி திரும்பியது. தரைப்படையைத் தொடவேயில்லை. 1931இல் சீனாவின் மஞ்சூரியாவில் ஆரம்பித்தது தரைப்படையின் வேலை, அதற்கு ஒரு போர்க்கப்பலும் தேவைப்படவில்லை. இன்னொரு விளைவு உங்கள் ஊருக்கே சம்பந்தப்பட்டது. 16 அங்குலப் பீரங்கி பத்தைச் சுமக்கும் போர்க்குரூசராகக் கூரே பட்டறையில் தொடங்கிய கப்பல் அகாகி. ஒப்பந்தம் அதைத் தடுத்தது, ஆனால் விமானந்தாங்கியாக மாற்றிக்கொள்ள அனுமதித்தது. தலையில் தட்டையாக ஒரு மேல்தளத்தைக் கட்டி மாற்றினார்கள். 1942 ஏப்ரல் 9 காலையில் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கிய ஜப்பானியப் படையணியின் கொடிக்கப்பல் (தளபதி இருந்த தலைமைக் கப்பல்) அதுவே. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மிஸும் மூழ்கியது. உடைத்த கப்பல்களுக்காக ஒப்பந்தத்தைக் குறை சொல்கிறீர்கள். மாற்ற விட்ட கப்பலுக்காகச் சொல்லியிருந்தால் நானும் உங்கள் பக்கம் ஒரு அடி நகர்ந்திருப்பேன்.

உங்கள் மாற்று வரலாற்றை எழுதி முடிப்பதற்குமுன் சீனக்குடாப் பக்கம் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். கடற்படைக்காகப் பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்க் குதங்கள் (பெருந்தொட்டிகள்) இன்றும் 99 நிற்கின்றன. கப்பல்களை எண்ணிய அதே அக்கறையோடு அவற்றையும் எண்ணிவிட்டு எழுதுங்கள்.