ஓரம் தெரியக் கூடாது

அன்புள்ள ஐயா,

எனக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு கிராமம். ஐடிஐயில் டூல் அண்டு டை (அச்சுக் கருவி செய்யும் படிப்பு) முடித்துவிட்டு, ஓசூரில் பிளாஸ்டிக் மோல்டு செய்யும் பட்டறையில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பெரியப்பா கூத்துக் கலைஞர், துரியோதனன் வேஷம் கட்டுவார். சின்ன வயதில் அவருக்கு முகத்தில் பூசும் முத்துவெள்ளை குழைத்துக் கொடுத்தது நான்தான். இப்போது சினிமாவில் வரும், முகத்தில் துண்டுகள் ஒட்டி ஆளையே மாற்றும் ப்ராஸ்தெடிக் மேக்கப் மீது பைத்தியமாக இருக்கிறேன். சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன கட்டணத்துக்கு எங்கள் மாந்தோப்பை அடகு வைக்க வேண்டும். அப்பா "வேஷங்கட்டறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்" என்கிறார். நண்பன் இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்கிறான். நான் சேரலாமா? இல்லையென்றால் எங்கே தொடங்குவது?

ம., கிருஷ்ணகிரி மாவட்டம்

*

அன்புள்ள தம்பி,

முதலில் மாந்தோப்பின் மேல் கை வைக்காதீர்கள்.

நான் இந்தத் தொழில் செய்பவன் இல்லை. தருமபுரியில் ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு எழுதப் போய், ஆள் இல்லாத குறைக்கு மூக்கும் தாடியும் ஒட்டப் பழகியவன். நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்களே பெரிதாக நினைக்காமல் எழுதிய விஷயம் அந்த நான்கு வருட மோல்டு வேலை. இந்தக் கலையில் பாதி அதுதானே! நடிகரின் முகத்தில் அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வார்த்தால் அவர் தலையின் பிரதி கிடைக்கிறது. அதன் மேல் களிமண்ணில் தொங்கும் கன்னத்தையோ வளைந்த மூக்கையோ செதுக்குகிறார்கள். அதற்கு இன்னொரு அச்சு எடுத்து, களிமண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, அது இருந்த இடைவெளியில் சிலிக்கோனோ, ரப்பர் பாலில் செய்யும் நுரை லேட்டக்ஸோ நிரப்புகிறார்கள். உள்ளே கோர், வெளியே கேவிட்டி, நடுவில் பொருள். மூக்குத் துளையிலும் காதுக்குப் பின்னாலும் உள்வளைவாக அண்டர்கட் வந்து அச்சு மாட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் உங்கள் பட்டறைக்குத் தலைகீழ். அங்கே அச்சின் இரு பாதிகள் சேரும் பார்ட்டிங் லைனில் உபரிப் பொருள் ஃபிளாஷாகப் பிதுங்கினால் சூப்பர்வைசர் திட்டுவார். இங்கே வேண்டுமென்றே ஃபிளாஷ் விடுகிறார்கள். கன்னத் துண்டின் ஓரம் மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் ஆகிற இடத்துக்கு வெளியே கொஞ்சம் உபரி இருக்கும். ஒட்டும்போது அதுதான் பிடி. ஒட்டி முடித்ததும் அதைக் கிழித்தோ, அதற்குரிய கரைப்பானில் கரைத்தோ எடுத்துவிடுவார்கள். ஓரம் எங்கே முடிந்து தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால் வேலை ஜெயித்தது. தெரிந்துவிட்டால் நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகச் சுருக்கம் செதுக்கியிருந்தாலும் அது முகமூடிதான். கழற்றும்போது இந்த ஓரம் பெரும்பாலும் கிழிந்துவிடும். அதனால்தான் நாற்பது நாள் படப்பிடிப்பு என்றால் ஒரே அச்சில் நாற்பது கன்னம் வார்க்கிறார்கள்.

டிக் ஸ்மித் என்று ஒரு ஹாலிவுட் மேக்கப் மேதை இருந்தார். 1970-இல் வந்த ஒரு படத்துக்காக, முப்பது வயதைத் தாண்டிய நடிகர் டஸ்டின் ஹாஃப்மனை 121 வயதுக் கிழவராக்கியவர். முழு முகத்துக்கு ஒரே உறையாக மாட்டாமல், தனித்தனித் துண்டுகளாக, ஒன்றின் ஓரத்தில் இன்னொன்று ஏறும்படி ஒட்டினார். அதனால் முகம் அசைந்தது. இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்காமல், கடிதம் எழுதிய பையன்களுக்கெல்லாம் பதில் போட்டார். ஜப்பானில் கியோட்டோவிலிருந்து எழுதிய ஒரு பள்ளி மாணவன்தான் கசு ஹிரோ. நடிகர் கேரி ஓல்ட்மனைப் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலாக்கி 2018-இல் ஆஸ்கர் வாங்கினார். (எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஆள் மாறிப்போச்சு, என்ன செய்வது.)

கம்ப்யூட்டர் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இன்றைக்கும் ஒட்டுகிறார்கள், மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே ஓடும்.

அதைவிட முக்கியமான சங்கதி, மனித முகம் எஃகு அல்ல. பல வருடம் முன்பு நண்பன் ஒருவனுக்கு முகத்தில் நேரடியாகப் பிளாஸ்டர் பூசி அச்செடுத்தேன். புருவத்தில் வாசலைன் தடவ மறந்துவிட்டேன். அச்சோடு இடது புருவம் பாதி வந்துவிட்டது. அடுத்த வாரம் பாலக்கோட்டுக்குப் பெண் பார்க்கப் போனான், கண் மையில் வரைந்த புருவத்தோடு. கல்யாணம் நடந்தது, அது வேறு கதை. ஆனால் அன்று நாங்கள் தப்பித்தோம் என்பது பிறகுதான் புரிந்தது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கனமாக இருந்தால் தோலையே வேகவைத்துவிடும். 2007-இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி கைகளை அச்செடுக்கப் பிளாஸ்டருக்குள் விட்டு, பெரும்பாலான விரல்களை இழந்தாள். முகத்துக்கு ஆல்ஜினேட்தான். கடற்பாசியிலிருந்து வருவது, பல் மருத்துவர் அச்செடுக்கப் பயன்படுத்தும் அதே பொடி. பல் செட்டுக்கான ரகம் இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும், குளிர்ந்த நீரில் கலந்தால் கொஞ்சம் தாமதமாகும். மூக்குத் துளை இரண்டும் திறந்தே இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே ஒரு ஆளை நிறுத்துங்கள்.

சிலிக்கோனில் பிளாட்டினம் சிலிக்கோன் என்ற ரகத்தை வாங்கினால் இன்னொன்று. கந்தகம் கலந்த களிமண் பட்டாலும், லேட்டக்ஸ் கையுறை பட்டாலும் அது இறுகாது, மறுநாளும் பிசுபிசுவென்றே இருக்கும். விலை தெரிந்தால் அழுகை வரும்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் இடது புறங்கையில். முடி இருந்தால் மழித்துவிடுங்கள். திரவ லேட்டக்ஸை முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். ரப்பர் சிலருக்கு ஒவ்வாது, தடித்துவிடும். ஒன்றும் ஆகாவிட்டால், கையை இறுக மூடித் தோலை இழுத்துப் பிடித்து, பஞ்சால் மெல்லிசாக ஒற்றுங்கள். இழுத்த நிலையிலேயே உலரவிட்டு, பவுடர் போட்டு, கையை விடுங்கள். தோல் சுருங்கும்போது லேட்டக்ஸும் கூடச் சுருங்கி, எண்பது வயதுக் கிழவியின் கை வந்து உட்காரும். முதல் தடவை எனக்கு வந்தபோது என் பாட்டியின் கை மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு கட்டை விரல் நகம் அளவுக்குத் தழும்பு. பூதமும் பேயும் பிறகு செய்துகொள்ளலாம்.

சென்னைக்குப் போகும் முன் உங்கள் வீட்டிலேயே இருக்கும் ஆசானைக் கேளுங்கள். துரியோதனன் வதம் நடக்கும் படுகளத்தன்று, மண்ணால் செய்து கிடத்திய அந்தப் பெரிய துரியோதனனின் தொடைக்குள் சிவப்பு நீர் எதில் வைக்கிறார்கள், பீமன் அடித்ததும் சரியான நேரத்தில் எப்படிப் பீறிடுகிறது, பாஞ்சாலி கூந்தல் முடியும்வரை எப்படிப் போதுகிறது? ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் என்று பெயர் வைக்காமல் நம் ஊரில் செய்துவரும் வேலை அது. அரிதாரம் பூசிய முகம் இரவு பத்து மணிக்கு ஏறி விடியும்வரை வியர்வையில் எப்படி நிற்கிறது என்பதும் உங்கள் பெரியப்பாவுக்குத் தெரியும். ஜெலட்டினில் தழும்பு செய்வது மலிவு, வீட்டு அடுப்பிலேயே உருக்கலாம். ஆனால் நம் சித்திரை வெக்கையில், விளக்கடியில் ஆடுகிறவன் நெற்றியில் அது இளகி வழிந்துவிடும்.

அதனால் சிலிக்கோனில் ஒன்று செய்து, ஒரு நாள் கூத்தில் பெரியப்பாவின் புருவத்துக்கு மேல் ஒட்டிப் பாருங்கள். அவர் சம்மதித்தால். அப்பாவையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். விடிந்ததும் கிரீடத்தைக் கழற்றும்போது, ஓரம் எந்தப் பக்கம் தூக்கியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.