பச்சை பிடித்த சிலைக்குப் புளியும் வேண்டாம், தங்கப் பெயின்டும் வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர்ப் பூங்காவில் போரில் இறந்த பொதுமக்களின் நினைவாக ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. பிள்ளையை அணைத்தபடி நிற்கும் தாய். இப்போது உடம்பு கறுத்து, தலையிலும் தோளிலும் பச்சை பிடித்துவிட்டது. அது வழிந்து பீடத்திலும் கோடு விழுந்திருக்கிறது. மே 18 நினைவு நாளுக்கு முன் கிரைண்டரால் மெருகேற்றித் தங்க நிறம் பூசித் தருவதாக ஒருவர் விலை தந்திருக்கிறார். மகளிர் சங்கத்தார் புளியும் உப்பும் போட்டுத் தாங்களே துலக்கித் தருகிறோம் என்கிறார்கள். எது நல்லது ஐயா? – வன்னியிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் மனம் ஆறுங்கள். உங்கள் சிலை கெட்டுப்போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தும் அந்தப் பச்சை போகவில்லை என்றால் அது பாசி அல்ல, செம்பின் பச்சை. வெண்கலம் என்று பில் போட்டு, ஃபைபரில் வார்த்து வெண்கல நிறம் அடித்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். ஃபைபருக்குச் செம்புப் பச்சை பிடிக்காது. அந்த வகையில் உங்களுக்குச் சிலை செய்து தந்தவர் ஏமாற்றவில்லை.

வெண்கலம் என்பது பெரும்பாலும் செம்பு, கொஞ்சம் வெள்ளீயம். காற்றும் மழையும் பட்டால் செம்பின் மேல் ஒரு தோல் உண்டாகும். முதலில் தவிட்டு நிறம், பிறகு கறுப்பு, பிறகு பச்சை. இறுகிப் பிடித்த தோல் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். அதை உரித்தால் சிலை மறுபடி தன் உலோகத்தைச் செலவழித்துத்தான் புதுத் தோல் போடும்.

வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமே என்பீர்கள். அது கனமான பித்தளை, வீட்டுக்குள் இருக்கிறது. உங்கள் சிலை உள்ளே வெறும் கூடு. இந்த அளவுச் சிலைகளின் உலோகத் தடிப்பு சாதாரணமாக ஐந்தாறு மில்லிமீற்றர்தான் இருக்கும். வெயிலிலும் மழையிலும் நிற்பதால், துலக்கிய பளபளப்பு ஒரு மாரிக்குக்கூட நிற்காது. உப்பு அதைவிட மோசம். உப்பிலிருக்கும் குளோரைட் வெண்கலத்துக்குள் புகுந்தால் பிறகு எடுப்பது பெரும்பாடு. பிளீச்சிங் தூளும் அப்படியே. சங்கத்தாரின் அன்பு பெரிது. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

கிரைண்டர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி ‘மெருகேற்றிய’ ஒரு சிலையைப் பிறகு பார்க்கக் கூப்பிட்டார்கள். சேலை மடிப்புகள் மழுங்கிப்போயிருந்தன. கைப் பெருவிரலில் நகமே இல்லை; சிற்பி கீறியிருந்த நகக்கோட்டைக் கிரைண்டர் தட்டு தேய்த்துத் தின்றுவிட்டது. மேலே தங்கப் பெயின்ட், அதன் ஓரங்கள் உரிந்து, அடியில் ஈரம் தேங்கிப் பச்சை முன்னைவிட வேகமாகப் பிடித்திருந்தது. வன்னி வெயிலில் அந்தப் பெயின்ட் எத்தனை நாளைக்கு? உரிந்ததும் அதே ஆள் அடுத்த விலையோடு வருவார்.

‘பட்டறைக்குக் கொண்டுபோய்ச் செய்தால் வடிவாக வரும்’ என்று யாராவது லொறியோடு வந்தால் சிலையைக் கழற்றவே விடாதீர்கள். செம்புக்குப் பழைய உலோகக் கடையில் என்ன விலை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், காரணம் விளங்கும். பெயர்ப்பலகையையும் கவனியுங்கள்: வெண்கலப் பலகை போய், வந்தது நிறமடித்த தகடு என்ற கதைகள் உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசை முழு முற்பணமாக யாருக்கும் கொடுக்காதீர்கள். வேலைக்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்; கை, முகம், எழுத்து எல்லாம் கிட்டத்தில்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மழைநீர், இல்லாவிட்டால் ஊரில் விற்கும் ஆர்ஓ தண்ணீர். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்தலுக்குள் படிகிற வெள்ளைப் பொருக்கு சிலையிலும் படியும். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயையும் சிலைப் பக்கம் திருப்பாதீர்கள். ஒரு வாளிக்குச் சில துளி பாத்திரம் கழுவும் திரவம், மெத்தென்ற தூரிகை. சோளகக் காற்று கொண்டுவந்த புழுதியும் காக்கை எச்சமும் போகட்டும். பச்சையைச் சுரண்ட வேண்டாம். நன்றாக அலசி, மடிப்புகளுக்குள் ஈரம் இல்லாமல் காயவிட்டு, நிறமில்லாத, தேய்ப்புத் தூள் கலக்காத மெழுகை மெல்லிதாகப் பூசிப் பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். தரைக்குப் போடும் சிவப்பு மெழுகு ஆகாது. சங்கத்தாருக்கான வேலை இதுதான், அவர்களைவிடப் பொறுமையாகச் செய்ய ஆள் கிடைக்காது. பளபளக்காது, ஆழ்ந்த தவிட்டுப் பச்சையாக, ஈரம் பட்டதுபோல் தெரியும். பீடத்துக் கோட்டுக்கு அசிட் ஊற்றாதீர்கள், அது அங்கேயே இருக்கட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. தொட்டால் கையில் ஒட்டாமல், நிறம் ஒரே சீராக இருந்தால் அது நல்ல தோல். ஆனால் அங்கங்கே புள்ளி புள்ளியாக, வெளிறிய பச்சையில், முகப்பவுடர் போல் உதிர்ந்தால் அது நோய். உள்ளே புகுந்த குளோரைட் ஈரம் கிடைக்கும்போதெல்லாம் உலோகத்தை அரித்துத் தூளாக வெளியே தள்ளுகிறது. முல்லைத்தீவுக் கரையோரச் சிலைகளுக்கு இந்தப் பயம் அதிகம், உப்புக்காற்று. ஏற்கனவே யாராவது உப்புப் போட்டுத் துலக்கியிருந்தால் கடலுக்குத் தள்ளிய ஊர்களிலும் வரலாம். காய்ந்த தூரிகையால் அந்தத் தூளைத் தட்டிவிட்டு இடத்தைப் படம் எடுங்கள். மப்பும் மழையுமான சில நாள் கழித்துப் பாருங்கள். அதே இடத்தில் தூள் திரும்ப வந்திருந்தால் அதன் மேல் மெழுகு பூசாதீர்கள். மூடினால் உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். அப்போது உலோகப் பாதுகாப்புத் தெரிந்த ஒருவர்தான் வேண்டும். நூதனசாலைகளில் இந்த வேலை பழகியவர்கள் இருக்கிறார்கள், எழுத்தில் கேளுங்கள். வராவிட்டால் அந்த வெறும் புள்ளியைத் தொடாமல் விடுங்கள், பெயின்ட்காரரைக் கூப்பிடுவதைவிட அது நல்லது.

இன்னொன்று. பாதத்தடியில் செம்மண் நிறத்தில் நீர் வடிகிறதா? அது உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியின் துரு. செம்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரும்பு சீக்கிரம் தின்னப்படும். நியூயோர்க்கின் சுதந்திர தேவி சிலைக்கே அது நடந்து, 1980களில் உள்ளே இருந்த இரும்புப் பட்டைகளை மாற்றித் துருப்பிடிக்காத எஃகு போட்டார்கள். உங்கள் சிலையின் அடியில் நீர் வெளியேறச் சின்னத் துளை இருக்க வேண்டும். பீடம் பூசிய மேசன் அழகுக்காக அதைச் சீமெந்தால் அடைத்திருக்கிறாரா என்று படுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அடைத்திருப்பார்.

உள்ளூராட்சிச் சபையின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வேலையையே அவர்களிடம் விட்டால் மூன்று விலைமனு கேட்டு ஆகக் குறைந்ததற்குக் கொடுப்பார்கள். ஆகக் குறைந்த விலை எப்போதும் கிரைண்டருடையது. நிதியோ வருடக் கடைசியில்தான் அசையும், டிசம்பருக்குள் செலவழித்தாக வேண்டும். மாரி மழையில் நனைந்த சிலைக்கு எந்த மெழுகு ஒட்டும்? கோப்பில் கையெழுத்து வைக்கும் ஒருவர்கூட வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரு டப்பா மெழுகுக்கும் நாலு தூரிகைக்கும் கேள்விமனு தேவையில்லை. நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், சபையிடம் அனுமதிக் கடிதம் மட்டும் போதும்.

சித்திரை மழை விட்டதும் இரண்டு மூன்று காய்ந்த நாள் பார்த்துக் கழுவி மெழுகிடுங்கள், மே 18க்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. இரண்டாவது முறை மாரி தொடங்குமுன், செப்ரெம்பரில். விலை தந்தவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடுங்கள். விலையைக் குறைத்துக்கொண்டு மறுபடி வந்தாலும் இதே பதில்தான்.