வேளாண் சூழலியலும் உள்ளூர் உணவுப் பொருளாதாரமும்: கேள்வி பதில்

கேள்வி: வெளியிலிருந்து வாங்கும் ரசாயனத்தை நம்பாமல், இயற்கைச் சுழற்சிகளைக் கொண்டு பயிர்செய்யும் வேளாண் சூழலியலுக்குச் சாகுபடி முறையை மாற்றினால் வட்டாரப் பொருளாதாரம் எப்படி வலுப்பெறும்?

பதில்: பலரும் விற்பனையிலிருந்து தொடங்குகிறார்கள், நான் செலவுக் கணக்கிலிருந்து தொடங்குவேன். உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி உடனே வட்டாரத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. பயறு வகைகளை ஊடுபயிராக விதைத்துக் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணில் சேர்த்து, சாணத்தையும் பயிர்க்கழிவையும் மட்கவைத்து, விதையைப் பக்கத்து விவசாயியிடம் வாங்கினால், அதே பணம் விதை கொடுத்தவருக்கும் மாடு வளர்ப்பவருக்கும் களையெடுப்பவருக்கும் போய், அவர்கள் வழியாக அங்கேயே மறுபடி செலவாகிறது. ஆனால் புட்டியில் அடைத்துவரும் ‘இயற்கை’ இடுபொருளை வாங்கத் தொடங்கினீர்களானால், பணம் பழைய வழியிலேயே வெளியேறும்.

கேள்வி: விளைச்சல் குறையாதா?

பதில்: ஒரே பயிரை மட்டும் எடைபோட்டால் பல இடங்களில் குறையத்தான் செய்யும். கலந்து விதைத்த ஒரு ஏக்கரில் கிடைத்ததையெல்லாம் தனித்தனியாக விளைவிக்க எத்தனை ஏக்கர் தேவைப்படும் என்று பாருங்கள். விடை 1.2 ஏக்கர் என வந்தால், நிலத்தைத் திறம்படப் பயன்படுத்தியது கலப்புச் சாகுபடிதான்.

கேள்வி: மாவுப்பூச்சிக்கு எதைத் தெளிக்கலாம்?

பதில்: என் துறை பொருளாதாரம். பயிர்ப் பாதுகாப்பு அலுவலரிடம் இலையைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: 2021-இல் இலங்கை பட்ட பாடு போதாதா?

பதில்: ஏப்ரலில் அறிவித்த ரசாயன உர இறக்குமதித் தடையை நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். மண்ணின் கரிமச்சத்து உயரப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதை மறந்து ஒரே பருவத்தில் உரத்தை நிறுத்தியது தடையுத்தரவே தவிர, வேளாண் சூழலியல் அன்று.

கேள்வி (அவரே): அந்தப் பல ஆண்டு நட்டத்தை யார் தாங்குவது?

பதில்: நியாயமான கேள்வி. விவசாயி தனியாகத் தாங்கக் கூடாது. வேளாண் சூழலியல் அறிஞர் ஸ்டீபன் கிளீஸ்மன் இந்த மாற்றத்துக்கு வகுத்த ஐந்து நிலைகளில் முதலாவது இடுபொருளைக் குறைப்பதுதான். மாற்று இடுபொருளும் பண்ணையின் மறுவடிவமைப்பும் அதன் பிறகே வருகின்றன. விளைவிப்பவரையும் உண்பவரையும் நேரடியாக இணைப்பது நான்காம் நிலை. நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும் மாறத் தொடங்கி, முன்பணம் தரும் நுகர்வோர் குழுவைச் சேர்த்துக்கொண்டால் இடர் பங்கிடப்படும். மானியத்தை ஒரே பருவத்தோடு நிறுத்துபவர்களுக்கு இது புரிவதில்லை.

கேள்வி: விளைச்சல் குறைந்தால் பஞ்சம் வராதா?

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: இயற்கை விளைபொருள் என்று விற்கச் சான்றிதழ் வேண்டுமா?

பதில்: தொலைதூரச் சந்தைக்கு வேண்டும். அருகிலேயே விற்பதற்கு, விவசாயிகள் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிடும் பங்கேற்பு உத்தரவாத முறை போதும், செலவும் குறைவு.

கேள்வி: அரசு என்ன செய்யலாம்?

பதில்: வாங்கலாம். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளின் விளைபொருளுக்குச் செலவிட வேண்டும் என்று பிரேசில் 2009-இல் சட்டம் இயற்றியது. பட்டுவாடா மாதக்கணக்கில் தாமதமானால் சிறு விவசாயி மறுபடி இடைத்தரகரிடமே போவார் என்பதால், கொள்முதல் ஆணையிலேயே பணம் தரும் தேதியையும் எழுதி வாங்குங்கள்.