1921 கல்லூரித் தடகளத்தில் 20¼ புள்ளி எப்படி வந்தது?

அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசியச் சங்கம்) தடகளப் போட்டி 1921-இல் சிகாகோவில் நடந்தது. வென்ற இல்லினாய் அணியின் கணக்கு 20¼. கால் புள்ளிக்குக் காரணம், சமன் வந்தால் புள்ளியைப் பங்கிடும் முறை.

உயரம் தாண்டுதல், கோலூன்றித் தாண்டுதலில்தான் இது அதிகம். குறுக்குக் கம்பியை ஒரே உயரத்தில் பலர் தாண்டி, அடுத்த உயரத்தில் எல்லோரும் தட்டிவிடுவார்கள். இன்றுபோல் தவறிய முயற்சிகளை எண்ணிப் பிரிக்கும் வழக்கம் அப்போது இல்லை. நான்காம் இடத்துக்கு 2, ஐந்தாம் இடத்துக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். நான்காம் இடத்தில் நால்வர் சமமாக நின்றால், அந்த இரண்டையும் ஒன்றையும் கூட்டி வரும் மூன்று புள்ளியை நாலாகப் பிரித்து ஆளுக்கு முக்கால். டீக்கடையில் நாலு பேர் பில்லைப் பங்கு போடுவதுபோலத்தான்!

அப்புறம், கல்லூரித் தடகளமே 1921-இல்தான் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். கிழக்குப் பகுதிக் கல்லூரிகள் 1876 முதலே தனியாகப் போட்டி நடத்திவந்தன.