சொட்டுநீர்ப் பாத்தியில் உப்புப் பூக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: பாகலூர் பக்கம் ஒரு ஏக்கர் செம்மண்ணில் தக்காளி போட்டிருக்கிறேன். போர் வற்றிக்கொண்டு வருவதால், பக்கத்துக் குடியிருப்பில் சுத்திகரித்து விடும் கழிவுநீரைத் தொட்டியில் பிடித்துச் சொட்டுநீரில் கொடுக்கிறேன். பரிசோதனையில் மின்கடத்துதிறன் (தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் அளவு) மீட்டருக்கு 1.8 டெசிசைமன்ஸ். பாத்தி ஓரமெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. சின்னத் தூறல் போட்ட மறுநாள் செடி வாடி, இலை ஓரம் கருகியது. தண்ணீர் சரியில்லையா, மண் கெட்டுவிட்டதா?

பதில்: 1.8 என்பது தக்காளிக்கு மோசமான தண்ணீர் இல்லை. 0.7-க்குக் கீழ் இருந்தால் கவலையே இல்லை, 3-ஐத் தாண்டினால் சிக்கல். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். பீன்ஸ் என்றால் இந்தத் தண்ணீரை நானே வேண்டாம் என்பேன்.

கோளாறு, நீங்கள் ரொம்பக் கச்சிதமாகச் சிக்கனம் பிடிப்பதில் இருக்கிறது. செடி தண்ணீரைக் குடிக்கும், உப்பை விட்டுவிடும். வாய்க்கால் பாசனத்தில் மிஞ்சும் தண்ணீர் உப்பைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். சொட்டுநீரில் அது ஈரம் முடியும் விளிம்பில் போய் நிற்கும். துணியில் டீ சிந்தினால் காய்ந்தபின் கறை ஓரத்தில்தானே நிற்கிறது, அதே கதை. தூறல் அந்த விளிம்பு உப்பைக் கரைத்து நேராக வேருக்குத் தள்ளியிருக்கிறது. அதனால்தான் மழைக்குப் பிறகு வாடல்.

எனவே, கேட்கக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தாலும், தூறல் போடும்போது மோட்டாரை நிறுத்தாதீர்கள். டிரிப்பரிலிருந்து (தண்ணீர் சொட்டும் முனை) தண்ணீர் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தால் உப்பு வேருக்கு வராது. ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல மழை இறங்கியபின் நிறுத்தலாம். மற்ற நாளிலும் செடியின் தேவைக்கு மேல் ஆறில் ஒரு பங்கு சேர்த்து விடுங்கள். அது வீண் இல்லை, உப்பைக் கழுவும் கூலி. அடுத்த போகத்துக்கு நாற்றை அந்த வெள்ளைக் கோட்டின் மேல் நட்டுவிட வேண்டாம்.

அப்புறம் உரம். இந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால், 10 லட்சம் லிட்டரில் 20 கிலோ வந்துவிடும், ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியா. கோடைத் தக்காளிக்கு ஏக்கருக்கு அதைவிட அதிகத் தண்ணீர் போகும். வழக்கம்போல் யூரியாவும் போட்டால் செடி தழைத்து நிற்கும், காய்ப்பு தள்ளிப்போகும். தழைச்சத்தையும் அளந்து வாங்கிக் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது சோடியத்துக்கு. சோப்புத்தூளிலிருந்து வருவது அதுதான். மண்ணைக் குழைத்து இறுக்கிவிடும், தண்ணீர் இறங்காது. வீட்டிலேயே பார்க்கலாம்: பாத்தியிலிருந்து பட்டாணி அளவு காய்ந்த கட்டியை எடுத்து, பிடித்துவைத்த மழைநீரில் மெல்லப் போடுங்கள், கலக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியம் ஏறியிருக்கிறது. வெறுமனே உதிர்ந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கினால் ஜிப்சம் போட வேண்டும், அதிலுள்ள கால்சியம் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை விடுவிக்கும். எவ்வளவு என்பதைப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் மண் பரிசோதனை முடிவைக் காட்டிக் கேளுங்கள். ஜிப்சம் போட்டுவிட்டுத் தண்ணீர் விடாமல் இருந்தால் பயனில்லை, சோடியம் வெளியேற வழி வேண்டுமே.

டிஸ்க் ஃபில்டரை அடிக்கடி கழுவி, லேட்டரல் (பாத்தியில் ஓடும் சொட்டுநீர்க் குழாய்) முனைகளைத் திறந்துவிடுங்கள், பாசி அடைத்துக்கொள்ளும். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினாவுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம். தொழிற்சாலைக் கழிவு கலக்கிறது என்று சந்தேகம் வந்தால் உடனே நிறுத்துங்கள், ஏனென்றால் கன உலோகங்கள் உப்பைப்போல் கழுவினால் போகாது.